தேடிப் போனது இலக்கண நூல்

1962இல், சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, ஆங்கிலக் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் அங்குள்ள ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் இறங்குகிறார். கைக்கு அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த, சங்கத் தொகைநூலான குறுந்தொகை. அவரே சொன்ன செய்திதான். அதைத் திருப்பிச் சொல்கிறவர்கள் புதையல் கிடைத்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அவர் தேடிப் போனது கவிதையை அல்ல. பழந்தமிழுக்கு ஒரு தொடக்கநிலை இலக்கண நூலை. அம்மாவோடு தமிழ் பேசி வளர்ந்தவருக்கு அரிச்சுவடி தேவைப்பட்டிருக்கிறது.

மைசூரில் அவர் வளர்ந்த வீட்டில், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம். கீழே அம்மாவோடு தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம். ஆங்கிலக் கவிஞரானதால் தமிழை விட்டார், பிறகு மொழிபெயர்த்துக் கடனைத் தீர்த்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு இடிக்கிறது. குறுந்தொகை அந்த வீட்டின் கீழ்த்தளத்திலும் இருக்கவில்லையே! அடுப்படித் தமிழில் பாலைத்திணை ஏது? தமிழில் மட்டுமே எழுதுகிற ஒருவர் உரையின் துணையில்லாமல் அந்தப் பாட்டுக்குள் நுழைந்துவிடுவாரா? (நுழைவேன் என்பவரோடு வழக்கில்லை.) அவ்வளவு காலத் தொலைவில் எல்லோரும் அயலார்தான். ராமானுஜன் அதை ஒப்புக்கொண்டு இலக்கணம் தேடினார். நம்மில் பலர் பிறந்ததாலேயே தெரியும் என்று இருந்துவிடுகிறோம்.

அவர் மொழிபெயர்ப்பில் குறுந்தொகை நவீன ஆங்கிலக் கவிதையாகிவிட்டது என்பார்கள். பாதி சரி. அகவலின் ஓசை அங்கே கேட்பதில்லை. அது சின்ன இழப்பும் அல்ல. ஆனால் வரிகளை உடைத்தும் உள்தள்ளியும் அவர் அடுக்கியது வெறும் அலங்காரம் இல்லை. அடைக்குள் அடையாகப் போய்க் கடைசியில் பெயரைத் தொடும் தமிழ்த் தொடரின் கட்டுமானத்தை, அப்படிக் கட்ட முடியாத மொழியில் கண்ணுக்காவது காட்டும் முயற்சி அது. இலக்கணத்தில் தொடங்கியவரின் கை.

'தி ஸ்டிரைடர்ஸ்' என்ற அவருடைய முதல் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு 1966இல் வந்தது. குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றின் மொழிபெயர்ப்பான 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 1967இல். இரண்டிலும் அதே சிக்கனம்; உணர்ச்சியைப் பேர் சொல்லி அழைக்காமல் ஒரு பூச்சியையோ மரத்தையோ காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அதே கூச்சம். குறுந்தொகை அவருக்கு இதைக் கொடுத்ததா, தன்னிடம் ஏற்கெனவே இருந்ததைத்தான் அவர் அதில் அடையாளம் கண்டாரா? முதல் தொகுப்பைப் படிக்கும்போது பின்னது சரியென்று படுகிறது. மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தால் அந்த உறுதி போய்விடுகிறது.