நீலப் பூவுக்கு ஒரு ஃபிரிட்ஜ்

ஜென்ஷியானா அகாலிஸ் என்ற பூச்செடியின் விதை ஒரு குளிர்காலத்தைக் கடக்காமல் சரியாக முளைக்காது. குளிர்காலம் இல்லாத இடத்தில் அதை ஈர மணலோடு சேர்த்து இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். முளைத்த பிறகு நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் வேர் சூடாகக் கூடாது. ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை குளிரில் நீண்ட ஓய்வும் வேண்டும். இவ்வளவும் கிடைத்து, செடி கொழுகொழுவென்று இருந்தும், பூக்காமலே போகலாம். ஐரோப்பியத் தோட்டக்காரர்களே காரணம் பிடிபடாமல் அதை இடம் மாற்றி மாற்றி நட்டுப் பார்ப்பார்கள்.

விராலிமலையில் உட்கார்ந்துகொண்டு நான் இதையெல்லாம் படித்ததற்குக் காரணம் அம்மா. சூரிக்கில் இருக்கும் அக்காவோடு விசா அனுமதித்த 90 நாளும் இருந்துவிட்டு வந்தவளுக்கு, அந்த நாட்டில் பிடித்துப்போனது ஒன்றே ஒன்றுதான். மலைப்பாதை ஓரத்தில் தரையோடு தரையாக, புனல் மாதிரி வாய் திறந்து நின்ற நீலப் பூ. "நம்ம வீட்ல வருமாடா?" என்றாள். (சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்து ஞாபகம் இருக்கிறதா? ஜென்ஷியன் வயலெட். அதில் பூ கிடையாது. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்.)

மென்பொருள் எழுதிப் பிழைப்பவனிடம் "வருமா" என்று கேட்டால், "எப்படி வரவைக்கலாம்" என்றுதான் அவன் காதில் விழும். கண்ணாடிக் கதவு வைத்த ஒரு ஃபிரிட்ஜ், எல்இடி விளக்கு, சென்சார், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிற ஊரிலும் முடியும். செலவுக் கணக்குகூடப் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் வேறொரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது: அப்படி உயிரோடு வைத்திருப்பதற்கு வளர்ப்பது என்று பெயரா?

வெளியூர்ச் செடி வெளியூரிலேயே இருக்கட்டும் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இதே வாக்கியத்தை மனிதர்களைப் பார்த்துச் சொல்பவர்களை நமக்குத் தெரியும். அது சரியான பதிலும் இல்லை. எங்கள் பக்கம் செம்மண்ணில் விளையும் நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூ வாடியதும் அதன் விழுது தானாகவே மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிறது, எதையும் யாரிடமும் கேட்பதில்லை. மழை பார்த்து விதைத்து, களையெடுத்து, மயிலை விரட்டினால் போதும் (மயிலை விரட்டுவது எங்கள் ஊரில் சின்ன வேலை இல்லை. மலைமேல் இருப்பவரின் வாகனம், சட்டமும் அதன் பக்கம்). ஆகவே எங்கே பிறந்தது என்பது விஷயமில்லை. வந்த இடத்தில் தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்ள முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜென்ஷியன் குடும்பத்தில் நம் சமவெளிக்காரர் ஒருவரும் உண்டு. வெள்ளறுகு. சின்ன வெள்ளைப் பூ, சித்த மருந்தில் சேரும் கசப்பு. ஜென்ஷியன் வேரும் கசப்புக்குப் பேர்போனதுதான். வரப்பில் காட்டி, இது அதன் சொந்தக்காரச் செடி என்றேன். "இருந்துட்டுப் போகட்டும். நீலமா இல்லையே" என்றாள் அம்மா. நியாயம்தான். மனசில் விழுந்த பெண்ணுக்குப் பதிலாக அவள் சித்தி மகளைக் காட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் மலைச்செடிகளுக்கென்றே ஒரு கண்ணாடி வீடு 2006-ல் திறக்கப்பட்டது. டேவிஸ் ஆல்பைன் ஹவுஸ். அதில் ஏசி இல்லை. தரைக்கடியில் கான்கிரீட் வழிகளில் சுற்றிக் குளிர்ந்த காற்று செடிகள்மேல் வீசும், சூடான காற்று உயரமான கூரை வழியாக வெளியேறும். பொறியாளனாக எனக்கு அது அழகுதான். ஆனால் அதைவிடப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. பூக்கும் சமயத்தில்தான் தொட்டிகள் காட்சிக்கு வருகின்றன. மற்ற நாட்களில் பின்கட்டு நாற்றங்காலில், யார் கண்ணிலும் படாமல், தங்கள் போக்கில் கிடக்கின்றன. பார்க்க வருபவனின் ஆசைக்காகப் பூவின் வருடத்தை அங்கே வளைப்பதில்லை.

நமக்குக் கஷ்டமாகத் தெரிவதை எல்லாம் அகற்றிவிடுவதையே கவனித்துக்கொள்வது என்று நினைக்கிறோம். ஜென்ஷியனுக்குப் பனி கஷ்டம் இல்லை, அதன் உடம்பில் பாதி. இதை எழுதும்போது மனசில் ஓடுவது வேறொன்று. வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், பெங்களூருக்கு வா என்கிறது ஆபீஸ். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ என்கிறாள் அக்கா. லிஃப்ட் உள்ள ஃபிளாட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, வெயிலும் குறைவு. அவள் சொல்வதில் அன்பு குறைவில்லை. ஆனால் இங்கே காலை ஆறு மணிக்கே எங்கள் வாசலில் நாலு பேர் நின்று அம்மாவோடு பேசுகிறார்கள். முட்டிவலியோடு அவள் மலைப்படி ஏறுகிறாள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறாள். அகற்றிவிடலாம் என்று நாங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் எது அவளுடைய குளிர்காலம்? இன்னும் முடிவு எடுக்கவில்லை.

அப்படியானால் தொடாமல் விட்டுவிடுவதுதான் அன்பா? அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வடமேற்கு இமயமலையின் ஜென்ஷியானா குர்ரூவை வேருக்காகத் தோண்டித் தோண்டி அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். அதை இப்போது ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிப் பார்க்கிறார்கள். குடுவைக்குள் இருக்கும் நாற்று என்றாவது மலைக்குத் திரும்பலாம். என் ஃபிரிட்ஜில் இருக்கப்போவதற்கு அப்படி ஒரு வெளிவாசல் கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரியிலும் பழனி மலையிலும், உயரத்துப் புல்வெளிகளில் ஜென்ஷியன் இனம் ஒன்று இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்ன நீலப் பூ. அந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள் வெள்ளைக்காரர்கள். ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களையும் யூக்கலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நட்டோம். மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளியில் படித்தவர்கள்தானே எல்லோரும். அங்கே பூவைக் காப்பாற்றுவது என்றால் மரத்தை வெட்டுவது, மலைப்புல்லை நாற்றுவிட்டுக் கொத்துக் கொத்தாக நடுவது. அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை வெட்டினால் முடிகிற வேலையும் இல்லை அது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். முளைத்து வர வர, கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.