அடக்கமும் அமைதியும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில் கொட்டாரம் இருக்கிறது. அரண்மனை என்று பொருள்படும் பெயர். அங்கே நண்பர் வீட்டின் பின்கட்டில் அவருடைய பேத்தி ஒரு வெள்ளை முயலை வளர்த்து வந்தாள்.

அதைத் தூக்கி என் மடியில் மல்லாத்தினேன். நான்கு கால்களும் மேலே இருக்க, அசையாமல் கிடந்தது. "பார்த்தீர்களா, எவ்வளவு நம்பிக்கை! உடனே தூங்கிவிட்டது" என்றேன் நண்பரிடம்.

"அது உறங்கல்லே பாட்டா, பயந்து கெடக்கு" என்றாள் சிறுமி.

அவள் சொன்னதே சரி. பகைவன் பிடியில் அகப்பட்ட முயல் மரக்கட்டையாகிவிடும். அது அதன் கடைசி உபாயம். வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின் பக்கத்தில் வளை தோண்டி வாழ்ந்தவை. நரிக்கும் பருந்துக்கும் இரையான இனம். எத்தனையோ தலைமுறை மனிதனோடு வாழ்ந்தும் அந்தப் பழைய பயம் போகவில்லை. பெரும்பாலும் கண்ணைத் திறந்தே உறங்குகிறது.

உண்மையான நிம்மதியை அன்று பிற்பகல் பார்த்தேன். சிறுமி தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முயல் தானாக வந்து, பின்கால்களை நீட்டி, பொத்தென்று ஒருக்களித்து விழுந்தது. ஓயாமல் துடிக்கும் மூக்கு மெல்ல மெல்ல நின்றது. கண்கள் மூடின. அவள் அதைத் தொடவே இல்லை.

"இப்படிச் சாய மூணு மாசம் ஆச்சு பாட்டா" என்றாள் மெதுவாக.

எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. நான் எழுதும்போது அங்கே ஒரு பாத்திரம் உருளாது. என் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகளின் சிரிப்பு பாதியில் நிற்கும். அதை மரியாதை என்றும், குடும்பத்தின் அமைதி என்றும் பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அரண்மனைகளிலும் இந்த மௌனம்தான் விசுவாசம் என்று பெயர் பெற்றிருக்கும்.

அடங்கிக் கிடப்பதும் அமைதியாக இருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அடக்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. பயத்தை ஒரு நொடியில் உண்டாக்கிவிடலாம். நம்பிக்கையோ தானாக வந்து பக்கத்தில் சாய வேண்டும். கையை நீட்டாமல் காத்திருப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஊர் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே கேட்ட சிரிப்பு சட்டென்று நின்றது. "எனக்கும் சொல்லுங்களேன், நானும் சிரிக்கிறேன்" என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை.

மறுபடி கேட்கவில்லை. கூடத்தின் ஓரமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். மூன்று மாதம் ஆகட்டும்.