கடனும் துறவும்: தாகூர் குடும்ப ஜமீனில் எழுந்த ஒரு சமயக் கேள்வி

சொத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதன்மேல் பற்றில்லாமல் வாழ முடியுமா என்பது இந்தியச் சமய மரபின் பழைய கேள்விகளில் ஒன்று. முடியும் என்பவர்கள் மிதிலையை ஆண்ட ஜனகரைச் சான்று காட்டுவார்கள். ஜனகரின் அரண்மனைக் கணக்கு யாருக்கும் கிடைத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தின் தாகூர் குடும்பத்திலோ அதே கேள்வி டிரஸ்டுப் பத்திரத்தோடும் கடன் பட்டியலோடும் எழுந்தது. பற்றின்மையைச் சோதித்துப் பார்க்க அதைவிடத் தெளிவான இடம் குறைவு.

அந்தச் சொத்தைப் பெருக்கியவர் துவாரகநாத் தாகூர் (1794–1846). 1793இன் நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி, குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் அரசுக்குக் கிஸ்தி கட்டாத ஜமீன் ஏலத்துக்குப் போகும். பழைய குடும்பங்கள் பல அப்படி நிலத்தை இழந்தன. சட்டமும் வருவாய்க் கணக்கும் அறிந்தவர்கள் அதை வாங்கினார்கள். அவர்களில் துவாரகநாத் முன்வரிசையில் நின்றார். வாரிசாகக் கிடைத்த விராஹிம்பூரோடு காளிகிராமம், ஷாஜாத்பூர் ஜமீன்களும் சேர்ந்தன. 1829இல் தொடங்கிய யூனியன் வங்கியில் அவர் பெரும்பங்கு வகித்தார். 1834இல் கார் தாகூர் கம்பெனியை நிறுவி அவுரி, பட்டு, சர்க்கரை, நிலக்கரி என்று வணிகத்தை விரித்தார். வணிகத்தில் வீழ்ச்சி வரலாம் என்ற முன்யோசனையும் அவருக்கு இருந்தது. 1840இல் முக்கியமான நிலங்களைப் பிள்ளைகளுக்காக ஒரு டிரஸ்டில் கட்டிவைத்தார். கம்பெனி மூழ்கினாலும் கடன்காரர் அந்த நிலங்களைத் தொட முடியாது.

மூத்த மகன் தேவேந்திரநாத் (1817–1905) யூனியன் வங்கியில், பொருளாளராக இருந்த தம் சிற்றப்பாவுக்கு உதவியாக வேலை பார்த்தார். இருப்புக் கணக்கு நேராகும் வரை மாலையில் வீடு திரும்ப முடியாத வேலை அது. அந்தக் காலத்தில்தான் ஏதோ ஒரு சமஸ்கிருதப் புத்தகத்திலிருந்து கிழிந்த தாள் ஒன்று அவர் முன்னால் பறந்து வந்தது. பொருள் விளங்கவில்லை. வங்கிக்குப் போனவர் அன்று இருப்புக்கொள்ளாமல் சீக்கிரமே விடைபெற்று வந்து, சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தின் ராமசந்திர வித்யாவாகீசரிடம் விளக்கம் கேட்டார். அது ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரம். அசைவன எல்லாவற்றிலும் ஈசன் நிறைந்திருக்கிறான், துறவோடு துய்க்க வேண்டும், பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்பது அதன் சாரம். இந்த மந்திரம் உலகத் தேடல்களை விட்ட ஞானிக்கு உரியது என்று சங்கரர் உரை எழுதினார். தேவேந்திரநாத் அந்த வழியை ஏற்கவில்லை. ஈசன் கொடுத்ததை ஈசனுடையதாகவே கருதி அனுபவிப்பது என்று அவர் பொருள் கொண்டார். 1843இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, குடும்பத்தில் இருந்தபடியே பிரம்மத்தில் நிலைத்து நிற்பவனைத் தம் சமயத்தின் இலட்சிய மனிதனாக வைத்தார்.

அந்த உரைக்குச் சோதனை வர அதிக நாள் ஆகவில்லை. 1846 ஆகஸ்டில் துவாரகநாத் லண்டனில் இறந்தார். அடுத்து வந்த வணிக நெருக்கடியில் யூனியன் வங்கியும் கார் தாகூர் கம்பெனியும் விழுந்தன. தேவேந்திரநாத்தின் தன்வரலாறு தரும் கணக்கின்படி கம்பெனி கொடுக்க வேண்டியது ஒரு கோடி ரூபாய், வரவேண்டியது 70 லட்சம். கடன்காரர்கள் கூடிய கூட்டத்தில் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரி ஐந்தொகையைப் படித்துவிட்டு, டிரஸ்டுச் சொத்தில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது என்று அறிவித்தார். சட்டப்படி அது சரியான பேச்சு. தேவேந்திரநாத்தும் தம்பி கிரீந்திரநாத்தும் டிரஸ்டுச் சொத்தையும் கடனுக்கே ஒப்படைப்பதாகச் சொன்னார்கள். கூடியிருந்தவர்கள் நெகிழ்ந்துபோய், குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கிக் கொடுத்தார்கள். தேவேந்திரநாத் அந்தச் செயலை எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்துவிடும் விசுவஜித் வேள்வியோடு ஒப்பிட்டார். வண்டிகளும் குதிரைகளும் விற்கப்பட்டன, வேலையாட்கள் குறைந்தார்கள், சாப்பாடும் எளிமையானது. நிர்வாகம் பிற்பாடு சகோதரர்கள் கைக்கே திரும்பியது. கடன் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக அடைந்தது. தகப்பனார் ஒரு தரும சங்கத்துக்கு வாக்களித்துவிட்டுக் கொடுக்காமல் போன ஒரு லட்சத்தையும் மகன் வட்டியோடு கட்டினார்.

இந்தச் செயலின் சமயப் பொருளை அழுத்திச் சொல்ல வேண்டும். துறவு என்றதும் காடும் காவியும் நினைவுக்கு வருகின்றன. அப்படித் துறப்பவன் கடனையும் சேர்த்தே விட்டுப் போகிறான். அவனை நம்பிப் பணம் கொடுத்தவன் வெறுங்கையோடு நிற்கிறான். தேவேந்திரநாத் பின்னாளில் இமயமலைக்கும் போனார். ஆயினும் அவருடைய உண்மையான துறவு அந்தக் கடன்காரர் கூட்டத்தில்தான் நிகழ்ந்தது. சட்டம் கொடுத்த கேடயத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கணக்குக் கேட்பவர்களுக்கு முன்னால் அவர் நின்றார். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்ற கட்டளைக்கு, கைக்கு வந்துவிட்ட பிறர் பொருளைத் திருப்பிக் கொடு என்று அவர் பொருள் கண்டார். உரையாசிரியர்கள் பலர் எட்டாத இடம் அது.

ஆனால் அந்தக் கடன் பட்டியலில் ஒரு தரப்பு இடம்பெறவே இல்லை. கடன் அடைந்தது நிலத்தின் வருமானத்தில். அந்த வருமானம் பத்மா நதிக்கரைக் குடியானவர்கள் கட்டிய குத்தகை. கம்பெனியின் கடன்காரருக்கு ஒரு பைசா பாக்கி வைக்கக் கூடாது என்ற கண்டிப்பு, ஜமீன் கச்சேரியில் மேலாளரான நாயிப் செய்யும் வசூலில் கண்டிப்பாகத்தான் இறங்கும். விராஹிம்பூர்ப் பக்கத்துக் குமார்காளியிலிருந்து 1863 முதல் 'கிராமவார்த்தா பிரகாசிகா' என்ற பத்திரிகையை நடத்திய காங்கால் ஹரிநாத் ஜமீன்தார்களின் கெடுபிடிகளைத் துணிந்து எழுதினார். தாகூர் ஜமீனும் அவர் குற்றச்சாட்டுக்குத் தப்பவில்லை. ஒரு கோடி ரூபாய்க் கடனுக்கு நாணயமாக நின்ற மனிதர், தம் செல்வத்தின் ஊற்றாக இருந்தவர்களைக் கடன்காரர்களாக எண்ணிப் பார்த்ததற்குத் தடயம் குறைவு. அதைத் தனிமனிதக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லாம் ஈசனுடையது என்று சொல்லும் சமயம், ஈசனுக்குப் பதிலாகக் கணக்குக் கேட்க உரிமை உள்ளவன் யார் என்று சொல்லாமல் விட்டால் இந்தப் பள்ளம் எப்போதும் இருக்கும்.

தேவேந்திரநாத் முதுமையிலும் கணக்கை விடவில்லை. கண் மங்கிய பிறகு, மாதந்தோறும் இரண்டாம் மூன்றாம் தேதிகளில் மகன் ரவீந்திரநாத் ஜமீன் கணக்கைப் படித்துக் காட்டுவார். தகப்பனார் போன மாதத் தொகைகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பார். தொகை இடறினால் கேள்வி வரும். 1890 வாக்கில் ஜமீன் பொறுப்பு ரவீந்திரநாத்திடம் வந்தது. ஷிலாய்தா, ஷாஜாத்பூர், பதிசர் கச்சேரிகளுக்குப் படகில் போய்வந்த அந்த ஆண்டுகளில், பேரேட்டுக்கு அப்பால் இருந்த மனிதர்களை அவர் நேரில் கண்டார். புதுக் கணக்கு தொடங்கும் புண்ணியாக நாளில், சாதிக்கும் மதத்துக்கும் தக்கபடி ஆசனங்கள் போட்டிருந்ததை மாற்றி எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்கும் வரை அவர் அமர மறுத்தார் என்று ஷிலாய்தா வட்டாரத்தில் சொல்வார்கள்.

1905இல் பதிசரில் அவர் விவசாய வங்கி ஒன்றைத் தொடங்கினார். நண்பர்களிடமும் பிறரிடமும் கடன் வாங்கிய பணமே முதல். வட்டிக்கடைக்காரர் பிடியிலிருந்து குடியானவர்களை மீட்பது நோக்கம். காளிகிராமத்தில் ஊர்ப் பிரதிநிதிகளின் சபைகள் அமைந்தன. குடியானவர்கள் குத்தகையோடு ஒரு சிறு தொகை செலுத்த, ஜமீனும் தன் பங்கைச் சேர்க்க, அந்த நிதியில் பள்ளி, மருத்துவம், சாலை, கிணறு ஆகியவை நடந்தன. 1906இல் மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை படிக்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1913இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகை, ஏறக்குறைய 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய், அந்த வங்கியில் சாந்திநிகேதன் பள்ளியின் பெயரால் வைப்பாகப் போடப்பட்டது. வட்டி பள்ளிக்கு, முதல் உழவருக்குக் கடனாக. தகப்பனாரின் பட்டியலில் விடுபட்ட தரப்பு இங்கேதான் கணக்கில் ஏறுகிறது.

இதனால் கேள்வி தீர்ந்ததா? ரவீந்திரநாத்துக்கே தீரவில்லை. 1926இல் எழுத்தாளர் பிரமத சௌதுரியின் குடியானவர் பற்றிய நூலுக்காக எழுதியபோது, ஜமீன்தார் நிலத்தின்மேல் வாழும் ஒட்டுண்ணி என்று தம்மையும் சேர்த்தே சொன்னார். ஆனால் நிலத்தை அப்படியே கொடுத்துவிட்டால் அது லேவாதேவிக்காரன் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தையும் மறைக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானதுதான். எனினும் நிலத்தை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் சொல்லக்கூடிய நியாயமும் அதுவே. காந்தி இதே ஈசாவாஸ்ய மந்திரத்தை 1937இல் கேரளக் கூட்டங்களில் விளக்கி, சொத்துள்ளவர் அதன் தர்மகர்த்தா மட்டுமே என்ற தம் கொள்கைக்கு அடிப்படையாகக் காட்டினார். அங்கும் அதே சிக்கல் உண்டு. தர்மகர்த்தாவை நியமிப்பதும் நீக்குவதும் பயனாளியின் கையில் இல்லாதபோது, அறம் ஒருவருடைய குணத்தை மட்டும் நம்பி நிற்கிறது. துவாரகநாத்தின் டிரஸ்டைத் தேவேந்திரநாத்தின் குணம் வென்றது. அதே குணம் அடுத்த வாரிசுக்கும் வரும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க முடியாது.

1930இல் ரஷ்யா சென்றுவந்தபின் ரவீந்திரநாத்துக்கு ஜமீன் மேலிருந்த பிடிப்பு இன்னும் தளர்ந்தது. 1930களின் நடுவில் உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்ததும் பதிசர் வங்கி கொடுத்த கடன்களை வசூலிக்க வழியில்லாமல் போயிற்று. பரிசுப் பணமும் அதோடு முடங்கியது. 1937இல் அவர் கடைசியாகப் பதிசர் போய்வந்தார். கிழக்கு வங்காளத்தில் 1950இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. உழவருக்கு நிலத்தின்மேல் இருந்த உரிமை அதன்பின் ஜமீன்தாரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இல்லை.