‘ஒண்ணுமில்லம்மா’வுக்கும் ‘எடுத்துரலாம்மா’வுக்கும் நடுவில்

அடிவயிற்று வலி என்று போகும் பெண்ணுக்கு நம் ஊர்ப் பக்கம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் போனால், “ஒண்ணுமில்லம்மா, கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்.” இரண்டு பிள்ளை பெற்று முப்பத்தைந்தைத் தாண்டிப் போனால், “இனி எதுக்கும்மா கர்ப்பப்பை? எடுத்துரலாம்.” முதல் பதிலில் நோயே கிடையாது. இரண்டாவதில் உறுப்பே கிடையாது. நடுவில் நடந்திருக்க வேண்டிய விசாரணையும் வைத்தியமும் எங்கே போயின?

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ராஜபாளையம் நூலை நம்பிப் பிழைக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு ஷிப்ட் முழுக்க நடைதான். இழை அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஒட்ட வேண்டும். வீட்டுக்குத் தூரமான நாளில் இடுப்பு கழன்று விழுவதுபோல் இருக்கும், குமட்டும், தொடை வரை இழுக்கும். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பாத்ரூமில் சற்று அதிகம் உட்கார்ந்துவிட்டு வந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் வேலைக்கு வரும் வழியிலேயே மெடிக்கலில் ஒரு மாத்திரை.

சில இடங்களில் அந்த மாத்திரை ஆலைக்குள்ளேயே கிடைத்தது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019இல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்குப் பெயர் எழுதாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. மிஷினை விட்டு எழுந்திருக்காமல் இருக்கத்தான் அது. இதில் கவனிக்க வேண்டியது மாத்திரையை மட்டுமல்ல. மாதாமாதம் ஒரே பெண் கை நீட்டுகிறாள் என்றால் அவளுக்கு என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் வலி மாத்திரையான மெஃபெனாமிக் ஆசிட்டும் மிட்டாய் அல்ல. அது அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது.

வீட்டில் வேறு வைத்தியம். உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார் ஆச்சி. “இடுப்புக்கு உரம்மா, சாப்பிடு.” களியில் ஒரு குறையும் இல்லை. அதோடு சேர்ந்து வரும் வாக்கியம்தான் சிக்கல்: “எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு, பொம்பளைன்னா பொறுத்துக்கிடணும்.” அம்மாவுக்கும் இருந்தது என்பது இயல்பு என்பதற்குச் சாட்சி அல்ல. சில நோய்கள் குடும்பத்தில் ஓடும். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவலே அதுதான்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமியை தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளில் பார்த்துப் பலருக்குத் தெரியும். பதின்வயதிலிருந்தே மாதாமாதம் படுக்கையில் விழுந்தவர் அவர். அம்மாவுக்கும் அப்படியே இருந்ததால், இது நமக்கு விதித்தது என்றே நினைத்திருந்தார். என்டோமெட்ரியோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர் கிடைத்தபோது வயது 36. நியூயார்க்கில், காசும் பேரும் உள்ள ஒரு பெண்ணுக்கே இவ்வளவு தாமதம். 2009இல் தன் அறுவை நிபுணரோடு சேர்ந்து இந்த நோய்க்காக அமெரிக்காவில் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலோ குடல் மேலோ ஒட்டி வளர்வதுதான் என்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. எட்டாயிரம் மைல் தள்ளி நடக்கும் சமாச்சாரமில்லை.

வலியை நம்பாமல் போவதற்குப் பெரிய துணை ஸ்கேன் ரிப்போர்ட். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஸ்டீல் நாற்காலியில் காத்திருந்து, ஜெல் தடவி எடுத்த படத்தின் கீழே ‘நார்மல்’ என்று வரும். கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேலே வைத்துத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். சினைப்பைக் கட்டி தெரியும். வயிற்றுச் சவ்வில் மெலிதாகப் படர்ந்த திட்டுகள் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் என்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பது எஷ்ரே என்ற ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சந்தேகம் வலுவாக இருந்தால், கத்தி வைக்காமலேயே ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றும் அது சொல்கிறது. எல்லா வலியும் இந்த நோய்தான் என்றும் இல்லை. கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே சவ்வு ஊறும் அடினோமயோசிஸ் உண்டு, பழைய கிருமித் தொற்று உண்டு, நம் நாட்டில் கர்ப்பப்பைக் குழாயைப் பிடிக்கும் காசநோய் உண்டு. இடுப்புத்தளத் தசை இறுகிப்போய் வலிப்பதும் உண்டு, அதற்கு பிசியோதெரபி.

இதையெல்லாம் பிரித்தறிய அந்தப் பெண் பேச வேண்டும். டாக்டர் அறையில் பேசுவது யார்? மாமியாரோ புருஷனோ. தாம்பத்தியத்தின்போது வலிக்கிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது என்பவைதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். அவற்றை மாமியார் முன்னால் எந்த மருமகள் வாய்திறந்து சொல்வாள்? வெளியே ஐம்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது டாக்டரம்மாவுக்கும் அவகாசமில்லை என்பது நிஜம். ஆனால் “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்று கூட வந்தவரை அனுப்ப அரை நிமிடம் போதும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது எழுதி வைத்தது.

பத்து வருடம் ‘ஒண்ணுமில்ல’ கேட்டவளுக்கு ‘எடுத்துரலாம்’ என்பது விடுதலையாகவே படும். யோசிக்காமல் தலையாட்டுவாள், குறை சொல்ல முடியாது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் நாடெங்கும் செய்தியானது. அங்கேயும் கணக்கு இதேதான்: ஒரு நாள் வேலை நின்றால் கூலி வெட்டு. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், கர்ப்பப்பை எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தனியார் ஆஸ்பத்திரிகளில் எடுத்திருந்தார்கள். டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தேவையில்லாத கர்ப்பப்பை அறுவையைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அறுவை அவசியப்படும் பெண்களும் உண்டு. ஆனால் திசு குடல்மேல் ஒட்டியிருந்தால் கர்ப்பப்பை போன பிறகும் வலி தொடரலாம். இதை முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு.

டாக்டரிடம் போகும் முன் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று மாதத்துக்குக் குறித்து வையுங்கள்: எந்தத் தேதியில் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. “ரொம்ப வலிக்குது டாக்டர்” என்பதைவிட “இந்த மூணு மாசத்துல ஏழு நாள் மில்லுக்குப் போகல” என்பது காதில் ஏறும். ஸ்கேன் நார்மல் என்றால், “அப்போ வேற என்னவா இருக்கலாம்?” என்று கேளுங்கள். எடுத்துரலாம் என்றால், நோயின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு ஒரு தடவை மதுரைக்கு பஸ் ஏறி இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.