பள்ளிப் பாடமும் சொந்த நம்பிக்கையும்

ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகின்றனர். வீட்டில் நாம் மறுத்தாலும், "எங்கள் வாத்தியார் அப்படித்தான் சொன்னார்" என்று வாதாடுகின்றனர். இவ்வளவு நம்பப்படுகிற ஓரிடத்தில், நிரூபணமான உண்மைகளோடு ஒருவர் தம் சொந்த நம்பிக்கையையும் கலந்து போதிக்கலாமா?

2024இல் சென்னை அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்ட ஒருவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்னும் கருத்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். அந்தச் சொற்பொழிவாளர் கைது செய்யப்படும் அளவுக்கு விஷயம் பெரிதாயிற்று.

மறுபிறவியை நம்புவோர் நம் நாட்டில் கோடிக்கணக்கில் உள்ளனர். அது அவர்களின் உரிமை. அதன்மீது தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஆனால் அங்கே அது நம்பிக்கை என்று சொல்லப்படவில்லை. மறுக்க முடியாத உண்மைபோல் சொல்லப்பட்டது. பார்வையற்ற ஒரு பிள்ளை அதைக் கேட்டால், தன்னைப் பாவி என்றல்லவா எண்ணிக்கொண்டு வீடு திரும்பும்? கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் பாங்கு சொல்லும் பணியையும், தாம் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்படைத்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கிறோம்.

பிறரைக் கண்டிப்பது எளிது. அதே தராசில் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஒரு முஸ்லிம் ஆசிரியர் நம் ஈமானுக்குரிய ஒன்றைப் பிற சமயப் பிள்ளைகளுக்குப் பாடமாகப் போதித்தால், நாம் மகிழ்வோமா, தடுப்போமா? தடுக்கவே வேண்டும். முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடங்களில் சமய போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. அது நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, எல்லார் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

செஞ்சி வட்டாரத்து மேல்மலையனூரை எடுத்துக்கொள்வோம். அமாவாசை இரவில் அங்காளம்மன் கோவிலில் பெருங்கூட்டம் கூடுகிறது. ஷஃபான் மாத முடிவில் அமாவாசை கழிந்ததும், அதே வானத்தில் நாம் ரமளான் பிறையைத் தேடுகிறோம். சந்திரன் ஒன்றே. அது ஒருமுறை தேய்ந்து வளரச் சுமார் 29½ நாள் ஆகிறது என்னும் கணக்கும் எல்லாருக்கும் ஒன்றே. அதைப் பள்ளி கற்பிக்கட்டும். அமாவாசையின் மகிமையை அவர்கள் தம் வீட்டில் கற்பார்கள். பிறை பார்த்து நோன்பு வைக்கும் கடமையை நம் பிள்ளைகள் வீட்டிலும் மக்தபிலும் கற்கட்டும். 'இன்னார் இவ்வாறு நம்புகின்றனர்' என்று ஆசிரியர் கூறலாம், அது தகவல். 'இதை நீயும் நம்பு' என்றால் அது வரம்பு மீறல்.

"நம் மார்க்கம் சத்தியமாயிற்றே, சொன்னால் என்ன?" என்று சிலர் கேட்பர். ஈமான் என்பது உள்ளம் உணர்ந்து ஏற்பது. பரீட்சைக்காக ஒப்பிப்பது ஈமான் ஆகாது. அன்றியும், நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். நாயகத்தின் பெருமையை உயர்த்தும் பேச்சுத்தான் அது. ஆயினும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் அந்தத் துயரத்திலும் திருத்தினார்கள். மக்களைத் தொழுகையின்பால் திருப்பினார்கள். தீனுக்குப் பெருமை சேர்க்கும் என்பதற்காகக்கூட ஆதாரமற்ற ஒன்றை உண்மையென நிலைக்க விடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணை வெளியே வரவிடாமல் அறைக்குள் இருத்தும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இன்னும் உண்டு. பள்ளியில் நிழலின் கணக்கைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் இதைத்தான் மார்க்கம் என்று எண்ணாதா? பள்ளிக்கு நாம் சொல்லும் நியாயம் நம் வாசலோடு நின்றுவிடக் கூடாது. அறிந்ததை அறிந்ததாகவும், நம்புவதை நம்புவதாகவும் பிரித்துச் சொல்லும் நேர்மையை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கும் அருள்வானாக, ஆமீன்.