வியூகம் வகுத்தவரின் பங்கு

தேர்தலில் பிறரை வெற்றிபெறச் செய்து, தாம் பதவி எதையும் ஏற்காமல் விலகி நிற்பவர், அவ்வெற்றியிலிருந்து பின்னர் விளையும் நன்மை தீமைகளில் பங்குடையவரா என்பது அறநூல்களுக்குப் புதிய கேள்வி அன்று. வினையைச் செய்பவன் கர்த்தா என்றும், பிறரைக் கொண்டு செய்விப்பவன் காரயிதா என்றும், தூண்டுபவன் பிரேரகன் என்றும், உடன்பட்டு மகிழ்பவன் அனுமோதகன் என்றும் நால்வரைப் பிரித்துக் காட்டும் வடமொழி மரபு, நல்வினையிலும் தீவினையிலும் நால்வருக்கும் ஒத்த பங்கு உண்டு என்றது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செயலுக்கு உடன்படுதல் ஆகிய மூன்று வழிகளிலும் வினை உயிரைப் பற்றும் என்பது சமணக் கொள்கை. விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கும் கொங்கு நாட்டில் இக்கொள்கை ஒருகாலத்தில் ஊரறிந்த அறமாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆயினும் வினையில் கைபட்ட எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலை கோவை – கரூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கும் அவிநாசிபாளையத்தை உள்ளடக்கிய பின்னலாடை வட்டாரத்தில், தேர்தல் காலத்தில் பனியன் கம்பெனிகளுக்குக் கட்சிச் சின்னம் அச்சிட்ட சட்டைகளுக்கான ஆர்டர்கள் வருவது வழக்கம். எதிரெதிர்க் கட்சிகளின் துணி ஒரே பவர்டேபிளில் தைக்கப்படினும், தைப்பவர் எவருடைய வெற்றியையும் கருதித் தைப்பதில்லை. வியூக வகுப்பாளரோ வெற்றி ஒன்றையே கருதி உழைப்பவர் ஆதலால், தையல்காரருக்கு உரிய விலக்கு அவருக்குப் பொருந்தாது. கட்டணம் பெற்று இன்று ஒரு கட்சிக்கும் நாளை மற்றொன்றுக்கும் உழைக்கும் நிறுவனங்கள் தோன்றிவிட்ட பின்னர் அந்த விலக்கு சொல்லாமலே கோரப்படுகிறது என்பது வேறு செய்தி.

இக்கேள்வியைத் தமிழகத்தில் எழுப்புவதற்கு ஏற்ற வாழ்வு, 1972 டிசம்பர் 25 அன்று மறைந்த, இராஜாஜி எனப்பட்ட சி. ராஜகோபாலாச்சாரியாருடையது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராகவும் இருந்த அவரை வியூக வகுப்பாளர் என்று மட்டும் சொல்வது குறைவுபடக் கூறலே. எனினும் 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை 98 தொண்டர்களை நடத்திச் சென்ற காலம் முதல் அவரிடம் அத்திறன் இருந்தது. அது முழு அளவில் வெளிப்பட்டது 1967-இல், அவருக்கு 88 வயதானபோது. காங்கிரசுக்கு எதிரான வாக்குகள் பல கட்சிகளிடையே சிதறும் வரை, தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையில் அக்கட்சியை அசைக்க முடியாது என்பதை உணர்ந்த அவர், தாம் தொடங்கிய சுதந்திராக் கட்சியைத் திராவிட முன்னேற்றக் கழகம், மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் ஆகியவற்றோடு ஒரே அணியில் கொண்டுவந்து நிறுத்தினார். காங்கிரஸ் ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் 234 இடங்களில் 51 இடங்களோடு நின்றது. அதைவிடச் சற்றுக் குறைந்த வாக்குகளைப் பெற்ற தி.மு.க. 137 இடங்களை வென்று, அண்ணாவின் தலைமையில் ஆட்சி அமைத்தது. 1953-இல் இராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடிய கட்சியே அவரது வியூகத்தின் பயனை அடைந்தது.

இவ்வியூகத்தைச் சாணக்கியம் என்று வியந்து போற்றுவோர், அவரை அறியாமலே சிறுமைப்படுத்துகின்றனர். பயனில் பற்றில்லாமல் கடமையைச் செய்க என்னும் கீதையின் கருத்தை வைத்து, வெற்றிக்குப் பின் நடப்பது வகுத்தவரைச் சாராது என்று வாதிடலாம். ஆனால் கீதை விடச் சொல்வது தனக்கு வரும் ஆதாயத்தின் மேல் உள்ள பற்றை, உலகுக்கு நேரும் விளைவின் மேல் உள்ள பொறுப்பை அன்று. அதைச் சொன்ன கண்ணனுக்கே மகாபாரதம் விலக்கு அளிக்கவில்லை. ஆயுதம் ஏந்தாமல் தேரோட்டியாகவும் மந்திரியாகவும் மட்டுமே இருந்த அவனை, நூறு மைந்தரை இழந்த காந்தாரி, தடுக்க வல்லவனாக இருந்தும் தடுக்கவில்லை என்று குற்றம் சாட்டி, முப்பத்தாறாம் ஆண்டில் அவன் குலமும் அழியும் என்று சபிக்கிறாள். அவன் மறுக்காமல் ஏற்கிறான். வியாசர் விருந்து என்ற பெயரில் அந்தக் காவியத்தைக் கல்கி இதழில் தமிழில் சொன்னவர் இராஜாஜி.

தாம் அமைத்துக் கொடுத்த வெற்றியின் விளைவைத் தம்முடையதாகவே அவர் கொண்டதற்கு 1971 சான்று. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தவரும், அதற்கு முன்பே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் கள்ளுக்கு எதிராக உழைத்தவருமான அவர், மதுவிலக்கு நீக்கப்படவிருப்பதை அறிந்து, தொண்ணூற்றிரண்டு வயதில் முதல்வர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நடந்த தேர்தலிலேயே, நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் வீழ்த்திய காங்கிரஸ் தலைவர் காமராசரோடு கைகோத்து ஆளுங்கட்சியை எதிர்த்துத் தோற்றிருந்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்போர் உண்டு; தாம் பங்கேற்று விளைவித்ததைத் தாமே திருத்த முனைந்ததாகக் கொள்வதே அவரது மதுவிலக்கு வாழ்வோடு பொருந்துகிறது.

1952-ஐப் பற்றி இவ்வாறு சொல்ல இயலவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரசுக்குத் தலைமை தாங்க, தேர்தலில் நிற்காமல் ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்குள் வந்த அவர், மக்கள் காங்கிரசுக்கு எதிராக அளித்த வாக்கில் வென்று வந்த சிறு கட்சியினரின் ஆதரவைத் திரட்டிப் பெரும்பான்மை கண்டார். கம்யூனிஸ்டுகளைத் தமது முதல் எதிரி என்று அப்போது அறிவித்தவர், பதினைந்து ஆண்டுகளில் மார்க்சிஸ்டுகளையும் தம் அணியில் அமர்த்திக்கொண்டார். இந்த இரண்டு வியூகங்களில் எதற்கு எது கழுவாய் என்பதற்கு அவர் எழுதிய வேதாந்த நூல்களில் விடை கிடைக்காது. அவரைப் போற்றும் மேடைகளில் 1952 பெரும்பாலும் பேசப்படுவதும் இல்லை.