விலகலும் விலக்கலும்

பொருளாதார நெருக்கடி முற்றிய 2022ஆம் ஆண்டில், கொழும்பில் நான் பணியாற்றிய சட்ட நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. எங்களை யாரும் நீக்கவில்லை; இராஜினாமாக் கடிதம் கேட்டார்கள். சொந்த விருப்பின் பேரில் விலகுவதாக வாசகமும் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. தொழிலை முடிவுறுத்துதல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியர்களை வைத்திருப்பவர், ஒழுக்காற்று நடவடிக்கையாக அன்றி ஒருவரை நிறுத்துவதாயின் அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஊழியர் தாமாக விலகினால் அந்தச் சிக்கலே இல்லை. காக்க வந்த சட்டம், காக்கப்பட வேண்டியவரின் கையொப்பத்தாலேயே செயலற்றுப் போகிறது.

அறப் பிரச்சினை அதன் பிறகுதான் தொடங்குகிறது. நேர்முகப் பரீட்சைகளில் “ஏன் விலகினீர்கள்?” என்கிறார்கள். “நானாகவே விலகினேன்” என்றால் கடிதம் எனக்குச் சாட்சி. உண்மையைச் சொன்னால், இவரிடம் என்ன குறையோ என்று எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது. வீட்டு வாடகைக்கு வழி தேடுபவனிடம் எவ்வளவு உண்மையை எதிர்பார்க்கலாம்?

“சட்டக் கந்தோரில் எத்தனை இரகசியம் காத்தாய், இதையும் மறைத்தால் என்ன?” என்றார் நண்பர் ஒருவர். அந்த ஒப்புமை எனக்குச் சரியாகப் படவில்லை. கட்சிக்காரரின் இரகசியம் அவர் தந்த அமானிதம். அதை அறியக் கேட்பவருக்கு உரிமையில்லை, காப்பதில் எனக்கு இலாபமுமில்லை. என் நன்மைக்காக இன்னொருவர் மனதில் பொய்யான எண்ணத்தை விதைப்பது வேறு காரியம்.

ஆகவே, “ஆட்குறைப்பு நடந்தது; கடிதம் கேட்டார்கள்; கொடுத்தேன்” என்று மட்டும் சொல்லிவந்தேன். பழைய இடத்தை ஏசவுமில்லை.

ஆடைத் தொழிற்சாலையொன்றின் மனிதவளப் பிரிவில் இதைக் கேட்டவர் மகிழ்ந்தார். “அப்படியானால் கடிதம் வாங்கும் முறை உங்களுக்குத் தெரியும்” என்றார். கையொப்பமிட்டால் எந்த உரிமையை இழக்கிறார்கள் என்பதை முதலில் தொழிலாளருக்கு விளக்குவேன் என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது தனியார் வகுப்பொன்றில் வர்த்தகச் சட்டம் படிப்பிக்கிறேன். சம்பளம் முன்னையதிலும் குறைவு.

மறுக்க முடிந்தவன் தருவதே சம்மதம். ஆனால் நேர்முகப் பரீட்சையில் இருப்பவர்களும் கடிதம் வாங்கியவர்களைப் போலவே ஒரு வசதியான வாசகத்தை எதிர்பார்க்கிறார்கள். வேலையிழந்தவன் உண்மை பேசுவதற்குக் கொடுக்கும் விலையை அவர்கள் சற்றுக் குறைக்கலாம்: ஏன் வந்தாய் என்பதற்கு முன், என்ன செய்யத் தெரியும் என்று கேட்கலாம்.